ராத்தாமார் காலி செய்யாத வீடு

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தாள். அங்குள்ள மாணவர் சங்கங்களின் வரலாற்றைத் தொகுத்து ஒரு மலர் போடுகிறார்களாம். ஆண்கள் தரப்பில் ஏழெட்டுச் சங்கங்கள் கட்டுரை கொடுத்துவிட்டன. பெண்களின் முதல் சங்கம் எது என்று விசாரித்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்களாம். எங்கள் சங்கம் என்ன நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டது என்று கேட்டாள். நோக்கம் என்று ஒன்றும் இல்லை, இருக்க வீடு இல்லை, அதனால் தொடங்கினோம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதிக் கொடுத்தேன். கல்வி, ஒற்றுமை, சமூகப் பணி என்று நல்ல பிள்ளைக்கு எழுதியாயிற்று. அதில் எழுதாமல் விட்டது இது.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் பல்கலைக்கழகம் திறந்தபோது உள்ளே போன முதல் தொகுதி நாங்கள்தான். எங்களுக்கு முன்னால் சீனியர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. வேறு பல்கலைக்கழகங்களில் படித்த அண்ணன்மாரிடம், எங்கள் பேச்சில் காக்காமாரிடம், ராகிங் கதைகளை ஒன்றுவிடாமல் கேட்டு, பயந்து பயந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் பையன்கள். வந்து பார்த்தால் பயமுறுத்த ஆளில்லை. அது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது. ராகிங் இல்லாத பல்கலைக்கழகம் ஒரு பல்கலைக்கழகமா என்று கூடிப் பேசி, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேரைச் சீனியர் ஆக்கினார்கள். வாரா வாரம் முறை மாறும், ஒரு கிழமை இவர்கள் சீனியர், மறு கிழமை அவர்கள். முதல் கிழமை ஒரு சீனியர், ஜூனியர் ஒருவனைக் கடற்கரையில் நிறுத்தி, கரைக்கு வந்த ஒவ்வொரு தோணிக்கும் சலாம் சொல்ல வைத்தான். மீன்காரர்களும் மரியாதையாகப் பதில் சலாம் சொல்லிவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று விசாரித்தார்களாம். மறு கிழமை முறை மாறியபோது பழைய சீனியர் காய்ச்சல் என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டான். அத்தோடு ராகிங் முடிந்தது.

பிறகு அவர்கள் ஊர்ச் சங்கங்கள் வைத்தார்கள். நிந்தவூர்ப் பையன்களுக்கு ஒரு வாடகை வீடு, அக்கரைப்பற்றுப் பையன்களுக்கு ஒரு வீடு, கல்முனைக்காரர்களுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை, ஒரு தலைவர், ஒரு கிரிக்கெட் மட்டை. உள்ளே சேருவதற்குச் சத்தியப்பிரமாணம் எல்லாம் இருந்தது. அந்தத் தலைவர்கள் வீதியால் நடந்து வரும் பவுசைப் பார்த்தால் பாராளுமன்றம் தோற்றுவிடும்.

பெண்களாகிய எங்கள் பாடு வேறு. விடுதியில் இடம் கொஞ்சம், ஆட்கள் கூட. என் ஊர் வரிப்பத்தான்சேனை. பின்நேர விரிவுரை முடிந்து வீதிக்கு வந்தால் எங்கள் பக்கத்துக்குப் பஸ் இருக்காது. இருந்தாலும் சோதனைச் சாவடியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆளே பாதியாகிவிடும். வாப்பா வயல்காரர், நீட்டி முழக்கிப் பேசத் தெரியாதவர். நம்பிக்கையான வீடு கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் திரும்பி வா என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். என்னைப் போலவே ஐந்து பேர் அலைந்தார்கள். ஆறு பேரும் சேர்ந்து வீடு தேடினோம்.

வீடு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வரும்போது பெண்ணுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. ஆகவே பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து தாயும் தகப்பனும் செங்கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே வீடு எழும்பி, ஓடு போட்டு, கதவு பூட்டி, ஆள் இல்லாமல் நிற்கும். தாயும் தகப்பனும் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருப்பார்கள். எங்கள் கரையில் எந்த ஊருக்குள் போனாலும் இப்படி மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஐந்தாறு நிற்கும்.

ஆண்களை அந்த வீட்டில் ஏற்றுவார்களா? ஏற்ற மாட்டார்கள். ஆனால் படிக்கிற பெண் பிள்ளைகள் இருந்தால் வீடு பாழடையாது, கூட்டித் துடைத்து விளக்கு வைப்பார்கள் என்று நினைத்து எங்களுக்குத் தந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்தால் வீட்டை விட வேண்டும். ஆகவே எங்கள் சங்கத்தின் சட்ட யாப்பில் முதலாவது விதி இது: வீட்டுக்காரப் பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடிந்தால் ஒரு மாதத்துக்குள் வெள்ளையடித்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது விதி, புதிதாகச் சேருகிறவள் முதல் வெள்ளிக்கிழமை தன் ஊர்ச் சமையலைத் தனியாகச் சமைத்து எல்லோருக்கும் போட வேண்டும். மூன்றாவது விதி எங்களிடம் இல்லை.

ஆறு பேரில் ஐந்து பேர் முஸ்லிம், ஒருத்தி திருக்கோவிலிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. ஊர்ப் பெயரால்தான் ஒருவரை ஒருவர் அழைத்தோம். திருக்கோவில்காரிக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. அவள் தன் முறைக்குக் கத்தரிக்காயும் முருங்கையிலையும் சமைத்துப் போட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். மீன் இல்லாமல் சோறு இறங்காத கல்முனைக்காரி சோற்றுக் கோப்பையைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஏதோ பசிக்குச் சாப்பிட்டேன் என்றாள்.

வீட்டுக்காரப் பிள்ளைகள் எங்களை ராத்தா, ராத்தா என்று அழைப்பார்கள். எங்கள் ஊர்களில் மூத்த சகோதரிக்கு அதுதான் பெயர். அதைக் கேட்ட பையன்கள் நையாண்டியாக ‘ராத்தாமார் சங்கம்’ என்று பட்டம் வைத்தார்கள். நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம். பல்கலைக்கழகத்தில் அக்காவாக இருக்க எங்களுக்கு மூத்தவர்கள் யாரும் இல்லாதபடியால் ஒரே நாளில் ஆறு பேரும் ராத்தாவாகிவிட்டோம். திருக்கோவில்காரியும் ராத்தாதான்.

முதல் வீட்டில் எட்டு மாதம் இருந்தோம். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் வந்தது. சொன்ன தவணைக்கு முன்னாலேயே வெள்ளையடித்து, கிணற்றை இறைத்து, கதவுத் திறப்பைக் கையில் கொடுத்தோம். சுவர் கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் வந்தது, ஆனால் ஊரில் எங்கள் பெயர் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் சொன்னால் சொன்னதுதான் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் இரண்டாவது வீட்டுக்கார உம்மா எங்களைத் தேடிப் பல்கலைக்கழக வாசலுக்கே வந்தார்.

நெடிய மனுஷி, பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கணவர் கட்டார் நாட்டில் சாரதி, இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் ஒரு மாத விடுமுறையில் வருகிறவர். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து அவளுடைய வீட்டில் இருத்தியாயிற்று. இப்போது நிற்பது இளையவளுக்குக் கட்டிய வீடு. உம்மாவும் இளையவளும் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். வீட்டின் காரியம் எல்லாம் உம்மாவின் கையில்.

இளையவள் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கலைப் பிரிவு. முதல் நாள் எங்கள் பெட்டிகளை இறக்க வந்தவள் புத்தகங்களைக் கண்டதும் அங்கேயே குந்திவிட்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் மேசைதான். புவியியலுக்குத் திருக்கோவில்காரி, தமிழுக்கு நான், இஸ்லாமிய நாகரிகத்துக்குக் கல்முனைக்காரி. கேட்ட கேள்வியையே வேறு விதமாகக் கேட்டு எங்களை மடக்குவாள். சில நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நாங்கள் இரகசியமாகப் படித்துவிட்டு வருவோம். என்னைவிட அவளுக்கு மூளை கூட. இதை நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

ஒரு நாள் பின்நேரம் உம்மா ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் கிழங்கில் கை வைத்ததும், எங்கள் பல்கலைக்கழகத்தில் பரீட்சைப் பகுதியில் வேலை செய்யும் ஒரு கிளாக்கரைப் பற்றி விசாரித்தார். ஆள் எப்படி, குணம் எப்படி என்று கேட்டார்.

அந்த நேரம் எங்களில் ஒருத்திக்காவது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தெரியவில்லை. ஒரு பெரிய மனுஷி எங்களை நம்பி மாப்பிள்ளை விசாரிக்கிறார் என்ற பெருமை தலைக்கு ஏறிவிட்டது. ஆறு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். அனுமதி அட்டை கொடுக்கும்போது சிரித்த முகம் என்றாள் ஒருத்தி. பாங்கு சொன்னால் மேசை லாச்சியைப் பூட்டிவிட்டுத் தொழப் போய்விடுவார் என்றாள் இன்னொருத்தி. கல்முனைக்காரி அவருடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்றாள். பெண் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காக்க வைக்க மாட்டார் என்று நான் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். இளையவள் கதவோரம் நின்றதை நான் கண்டேன். வெட்கத்தில் பேசாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைக்குள் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. அவள் வாப்பா யூலையில் விடுமுறையில் வருகிறார், வந்ததும் கலியாணப் பதிவு, எங்கள் பேச்சில் காவின் எழுத்து. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். என்ன சேலை உடுப்பது, மருதோண்டியை எங்கே பறிப்பது என்பதுதான் பேச்சு. விதியின்படி வேறு வீடும் விசாரிக்கத் தொடங்கினோம். ஒரு சனிக்கிழமை வளவில் பீப்பாயில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை சுவர் திட்டு விழக்கூடாது என்று நானே நின்று கலக்கினேன். அப்போது இளையவள் வந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னாள்:

“ராத்தா, அவருக்கு நல்ல எழுத்தெண்டு சொன்னீங்க. என்னைக் கேட்டீங்களா?”

அவள் அழவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவரில் தனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யூலையில் கலியாணம், ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை. கலியாணம் முடிந்து நாற்பது நாளைக்கு வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், போவார்கள், அவர்களுக்கெல்லாம் பெண் முகம் காட்ட வேண்டும். புத்தகத்தை எங்கே வைத்துப் படிப்பது? அடுத்த வருடம் எழுதலாம் என்று உம்மாவிடம் பெரியவர்கள் சொல்கிறார்களாம். அவளுடைய சொந்த ராத்தாவுக்கும் அப்படித்தான் சொன்னார்களாம். அந்த ராத்தாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். பரீட்சைக்கு வைத்திருந்த புத்தகங்கள் அவளுடைய வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன.

எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை. உம்மா மீது கோபப்பட்டேன், மாப்பிள்ளை மீது கோபப்பட்டேன், கட்டாரின் விடுமுறைச் சட்டத்தைத் திட்டினேன். கடைசியில் எங்கள் ஆறு பேரின் வாயில்தான் குற்றம் என்று தெரிந்தது. ஒரு வருடமாக ஒரே மேசையில் இருந்து படித்த பிள்ளையிடம், உனக்கு இப்போது கலியாணம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளைக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே சங்கம் கூடியது. நாங்கள் நடத்திய கூட்டங்களிலேயே யாரும் சிரிக்காத கூட்டம் அது ஒன்றுதான். கலியாணத்தைக் குழப்பக்கூடாது, அதை அவளும் கேட்கவில்லை. ஆறு கிழமை தள்ளிப்போனால் போதும். எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது திருக்கோவில்காரி வாயைத் திறந்தாள். அவர்கள் பக்கத்திலும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம்.

“வீட்டுக்குள்ள எங்கட சாமான் கிடந்தா மாப்பிள்ளை எங்க வாற?” என்றாள்.

அவ்வளவுதான். நாங்கள் வீட்டைக் காலி செய்யாவிட்டால் கலியாணம் நடக்காது. ஆனால் காலி செய்யாமல் விடுவது சின்ன விஷயம் இல்லை. சொன்னால் சொன்னதுதான் என்ற எங்கள் பெயர் கெடும். பெயர் கெட்டால் இந்த ஊரில் எவரும் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு வீடு தர மாட்டார்கள். வீடு இல்லாவிட்டால் எங்களையும் எங்கள் வாப்பாமார் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வருடம் எங்களுக்குப் பின்னால் வந்த தொகுதியிலும் நாலு பிள்ளைகள் வீட்டுக்காக எங்களை நம்பிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தச் சொன்னேன். ஆறு கையும் உயர்ந்தது.

உம்மாவிடம் உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு கட்சி. சொன்னால் சொந்தக்காரர்கள் கூடிப் பிள்ளையைத்தான் ஏசுவார்கள் என்று இன்னொரு கட்சி. கடைசியில் ஒரு பொய்யைத் தீர்மானித்தோம். எங்களுக்கு யூலையிலும் ஓகஸ்டிலும் விசேட பரீட்சைகள் இருக்கின்றன, அவை முடியாமல் வீடு மாற ஏலாது. சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், ஆகவே நான் சொன்னால் பொய் போலத் தெரியாது என்பது அவர்களுடைய கணக்கு.

மறுநாள் உம்மாவின் முன்னால் போய் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தேன். அவர் வழக்கம்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை எத்தனை பாடம் என்று கேட்டார். எட்டு என்றேன். எட்டுக்கும் இரண்டு மாதமா என்று கேட்டார். இடையில் லீவு வரும் என்றேன். பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்:

“மருமகன் சோதினைப் பகுதியிலதானே. அவர்ட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எந்தப் பகுதியில் வேலை செய்கிறார், அங்கே எப்படி அட்டை கொடுக்கிறார் என்று நாங்களே கிழங்கைத் தின்றுகொண்டு வர்ணித்திருக்கிறோம். பரீட்சை பற்றி ஊரில் யாரிடம் பொய் சொன்னாலும் தப்பியிருக்கலாம். பரீட்சை அட்டவணை எழுதுகிற மனுஷனின் மாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறோம். திரும்பி வந்து நான் சொன்னதும் கல்முனைக்காரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். மூன்று நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் உம்மா வந்தார். வாசலில் நின்றபடியே, செப்டெம்பர் வரைக்கும் இருங்கள் என்றார். வாப்பாவுக்கு விடுமுறையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கடிதம் எழுதியாயிற்றாம், மாப்பிள்ளை பகுதிக்கும் சொல்லியாயிற்றாம். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் நாங்கள் போட்ட கூத்தில் கூரை ஓடு இரண்டு கழன்றிருக்கும். எங்களுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. மாப்பிள்ளை எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. விஷயத்தை ஊகித்து, ஓம் மாமி, பரீட்சை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனுஷன். மறுநாளே இரண்டு பேர் அவருடைய மேசைக்குப் போய், நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டோம் என்றோம். அவர் எங்களை விழித்துப் பார்த்துவிட்டு, எந்தப் படிவம் வேண்டும் என்று கேட்டார். என்ன நடிப்பு என்று வழியெல்லாம் வியந்துகொண்டு வந்தோம்.

ஊர் சும்மா இருக்குமா? பல்கலைக்கழகப் பிள்ளைகள் வீட்டுக்குள் குந்திக்கொண்டு கலியாணத்தைத் தடுக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. பின் தொகுதிப் பிள்ளைகளுக்குத் தருவதாகச் சொன்ன ஒரு வீட்டுக்காரர் சொல் மாறினார். ராத்தாமார் உள்ளே, மாப்பிள்ளை வெளியே என்று பையன்கள் பாட்டுக் கட்டினார்கள். சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு என் வாப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். அவரிடம் எனக்குப் பொய் வராது, எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை எப்போது முடியும் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் ஒரு நாளும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த நெல்லரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போனார். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார் என்பதைப் பிறகு என் உம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த இரண்டு மாதமும் இளையவளை நாங்கள் விடவில்லை. அதிகாலையில் சுபஹு தொழுததும் மேசைக்கு வந்துவிட வேண்டும். ஆறு பேரும் முறை வைத்துக் கேள்வி கேட்டோம். எங்களுக்குப் பரீட்சை என்று ஊருக்குச் சொல்லியிருந்தபடியால் நாங்களும் புத்தகமும் கையுமாகத் திரிய வேண்டியிருந்தது. அடுத்த வருடப் பாடங்களைக்கூடப் படித்து முடித்துவிட்டோம். இல்லாத பரீட்சைக்கு அப்படி விழுந்து விழுந்து படித்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அவள் கடைசிப் பாடம் எழுதிவிட்டு வந்த அன்று பின்நேரமே சுண்ணாம்பு கரைத்தோம். இந்த முறை அவளும் சுண்ணாம்பு மட்டை பிடித்து அடித்தாள். திட்டுத்திட்டாகத்தான் வந்தது. செப்டெம்பரில் அவள் வாப்பா வந்தார், காவின் எழுதினார்கள், மாப்பிள்ளை புதுச் சாரம் சரசரக்க வீட்டுக்குள் வந்தார். நாங்கள் ஆறு பேரும் பெண்ணுக்குப் பின்னால் சகோதரிகளின் இடத்தில் நின்றோம். எங்களுக்கு வேறு வீடு கிடைக்காமல் இருந்ததை அறிந்து உம்மாவே எங்களை இரண்டு வீதி தள்ளி ஒரு வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தபோது, இந்தப் பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு என்றார். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை.

மாதங்கள் கழித்து உயர்தரப் பெறுபேறு வந்தது. செய்தி கேட்டு நான் ஓட்டமும் நடையுமாக அந்த வீட்டுக்குப் போனேன். இளையவள் வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எல்லாப் பாடமும் அதிவிசேட சித்தி. பல்கலைக்கழகம் நிச்சயம். அவள் கணவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்கு நிதானம் இல்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, அன்றைக்கு எங்களுக்குப் பரீட்சை இருக்கிறது என்று மாமியிடம் சொன்னீர்களே, அந்த உதவிதான் இது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் தாளை மடித்தார். “நான் அப்படிச் சொல்லல்லியே ராத்தா. ஒரு சோதினையும் இல்லெண்டுதான் மாமிட்டச் சொன்னன்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். உம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். கிட்ட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பரீட்சை என்பது பொய், அது இளையவளுக்காகச் சொன்னது என்று தனக்கு முதல் நாளே தெரியும் என்றார். தான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது தன் வீட்டுக்கு ஓடு போட்டு முடித்தார்களாம், அடுத்த கிழமை காவின் எழுதினார்களாம். எனக்கும் பள்ளிக்கூடம் போக ஆசைதான் என்றார்.

“என்ட வீடு சும்மாதான் மகள் பூட்டிக் கிடந்திச்சி. போவமாட்டம் எண்டு சொல்ல அதுக்குள்ள ஒரு ராத்தாவும் இரிக்கல்ல.”